சின்னவனைக் கூட்டிட்டுப் போகலாமா?

2025 ஜூலையில் ‘சூப்பர்மேன்’ வெளியான வாரம் அக்காவிடமிருந்து போன். “தம்பி, பெரியவ சூப்பர்மேன் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சின்னவனையும் கூட்டிட்டுப் போகலாமா? ஏ படம் இல்லையே?”

பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஆறு. படம் ஏ இல்லை, யுஏ 13+. சட்டத்தைக் கேட்டால் இரண்டு பேரையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். முத்திரையைக் கேட்டால் இரண்டு பேருக்குமே வயது போதாது. இதைச் சொன்னால் அக்கா போனை வைத்துவிடுவாள். நான் முதல் நாளே பார்த்துவிட்டிருந்ததால் வேறு மாதிரி பதில் சொல்ல முடிந்தது. “பெரியவளைக் கூட்டிட்டுப் போ. சின்னவனை அம்மாகிட்ட விட்டுட்டுப் போ. அவனுக்குப் பாதிப் படம் ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு சீன் இருக்கு, அதுதான் பிரச்சினை.”

அந்த சீனை இங்கே சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தெருவோரத்தில் ஃபலாஃபெல் விற்கிறவர் ஒருவர் படத்தில் வருகிறார். ஃபலாஃபெல் என்பது கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கிற ஒருவகை வடை. நல்ல மனுஷன். சூப்பர்மேன் அடிவாங்கித் தரையில் புதைந்து கிடக்கும்போது ஓடிவந்து தூக்கிவிடுகிறவர். பிறகு வில்லன் லெக்ஸ் லூதர் சூப்பர்மேனைக் கூண்டில் அடைத்து, இந்த மனுஷனை எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறான். ரிவால்வரில் ஒரே ஒரு குண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முறை அவர் தலையில் வைத்து விசையை அழுத்துகிறான். கடைசியில் குண்டு பாய்கிறது. சூப்பர்மேனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்துக் கூண்டில் ஒரு கைக்குழந்தை பணயமாக இருக்கிறது. ரத்தக்களரி எதுவும் திரையில் இல்லை. ஆனால் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அந்த இடத்திலிருந்து படம் முடியும்வரை அப்பாவின் மடியிலேயே இருந்தான்.

நம் தணிக்கை வாரியம் இந்தப் படத்தில் எதை வெட்டியது தெரியுமா? சூப்பர்மேனும் அவன் காதலி லோயிஸும் முத்தமிடும் காட்சிகளை. செய்திகளில் வந்த கணக்குப்படி 33 விநாடி. முத்தம் போய்விட்டது, துப்பாக்கி அப்படியே இருக்கிறது. முத்தத்தை வெட்டியதைப் பற்றிப் பலரும் கிண்டலாக எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு இதிலிருந்து புரிந்தது ஒன்றுதான். சென்சார் பார்க்கிற கண் வேறு, ஆறு வயதுக் குழந்தையின் கண் வேறு. சென்சார் எதைக் காட்டுகிறார்கள் என்று பார்க்கிறது. குழந்தை யாருக்கு என்ன ஆனது என்று பார்க்கிறது.

முதலில் அந்த முத்திரை எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் ஆரம்பத்தில் இருந்தது யு, ஏ என்ற இரண்டுதான். 1983இல் யுஏவும் எஸ்ஸும் சேர்ந்தன. எஸ் என்பது மருத்துவர்கள் மாதிரிக் குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கு மட்டுமானது. நாம் வாழ்நாளில் அதைப் பார்க்கப் போவதில்லை. அப்போது யுஏ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று இருந்தது. நாற்பது வருடம் இந்த ஒரே கூடைக்குள் எல்லாவற்றையும் போட்டு வந்தார்கள். லேசான கிண்டலும் குடும்பச் சண்டையும் உள்ள படமும் யுஏ, நூறு பேரை வெட்டிச் சாய்க்கிற படமும் யுஏ. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 விதிகளின்படி அது மூன்றாகப் பிரிந்தது: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. இது நல்ல காரியம். முன்பு யுஏ என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, இப்போது ஓரளவு தெரிகிறது.

ஆனால் இந்த எண்களைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏ மட்டும்தான் தடை. பதினெட்டு ஆகாதவரை ஏ படத்துக்குள் விடக் கூடாது. கூட அப்பா வந்தாலும் சரி, தாத்தா வந்தாலும் சரி. 2025 ஆகஸ்டில் ‘கூலி’ ஏ சான்றிதழோடு வந்தது. குழந்தைகளோடு வந்த குடும்பங்களுக்கு வாசலில் பிரச்சினை ஆனது. தயாரிப்பு நிறுவனம் யுஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடியானது. ஏ என்றால் அவ்வளவு கறார். யுஏ 13+ அப்படியில்லை. அது பெற்றோருக்குச் சொல்கிற தகவல். தியேட்டர்க்காரர் உங்கள் ஆறு வயதுப் பையனை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்துவதும் இல்லை. முடிவு முழுக்க டிக்கெட் எடுக்கிற கையில்தான்.

படம் தொடங்கும்போது திரையில் வரும் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. பாப்கார்ன் டப்பாவைத் தொடையிடுக்கில் வைக்கிற நேரம் அது. அதில் ஒரு சின்ன முக்கோணம் இருந்தால் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை நிமிடம், யார் பார்த்தார்கள் என்றெல்லாம் இருக்கும். எதற்காக 13+ என்று மட்டும் ஒரு வரி இருக்காது. சண்டைக்காகவா, கெட்ட வார்த்தைக்காகவா, சோகத்துக்காகவா? பெற்றோருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

பிரிட்டனில் அந்த வரி உண்டு. அங்கே தணிக்கைக் குழு ஒவ்வொரு படத்துக்கும் வன்முறை எப்படி, மிரட்டல் எப்படி, மொழி எப்படி என்று தனித்தனியாகச் சில வாக்கியங்கள் எழுதித் தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. நம் ஊர்ப் பெற்றோரும் இலவசமாகப் படிக்கலாம். நான் அக்காவுக்கு அனுப்புவது பெரும்பாலும் அதைத்தான். கதை தெரிந்துவிடுமே என்று கவலைப்பட்டால் குழந்தைக்குப் படம் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் உங்களுக்குக் கதை கெட்டுப்போக வேண்டும், அப்புறம்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இன்னொரு சுவாரசியம். பன்னிரண்டு வயதுக் கோட்டையே அங்கே சூப்பர்ஹீரோக்கள்தான் போட்டார்கள். 1989இல் டிம் பர்ட்டனின் ‘பேட்மேன்’ வந்தபோது அதை எதில் வைப்பது என்று தெரியவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு அதிகம், பதினைந்துக்குக் குறைவு. ‘12’ என்று ஒரு புது முத்திரை பிறந்தது, அதைப் பெற்ற முதல் படம் அதுதான். அது கண்டிப்பான முத்திரை, பன்னிரண்டு ஆகாதவர்கள் உள்ளே போக முடியாது. 2002இல் ‘ஸ்பைடர்மேன்’ அதே 12 வாங்கியது. ஊர் முழுக்கச் சிலந்தி பொம்மையும் சிலந்தி பனியனும் விற்கிறார்கள், படத்துக்கு மட்டும் எட்டு வயதுப் பையன் போகக் கூடாது என்றால்? பெற்றோர் கொதித்தார்கள். சில உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் பகுதியில் முத்திரையையே மாற்றிவிட்டன, அங்கே அவற்றுக்கு அந்த அதிகாரம் உண்டு. அதே வருட ஆகஸ்ட் இறுதியில் ‘12ஏ’ நாடு முழுவதும் வந்தது. பெரியவர் ஒருவர் கூட வந்தால் சின்னவர்களும் போகலாம்.

அதற்கு முன்பே 1984இல் அமெரிக்காவில் பிஜி-13 பிறந்துவிட்டது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் சம்பந்தப்பட்ட இரண்டு படங்கள் பிஜி, அதாவது ‘பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்’ என்ற பெயரில் குழந்தைகளை அலறவிட்டன. அவரே நடுவில் ஒரு முத்திரை வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அது இன்றைக்கு ஒரு வியாபாரச் சூத்திரமாகிவிட்டது. பிஜி என்றால் கல்லூரிப் பையன்கள் வரமாட்டார்கள், ஆர் என்ற கட்டுப்பாடுள்ள முத்திரை என்றால் பள்ளிக்கூடக் குடும்பங்கள் வராது. பிஜி-13 என்றால் எல்லோரும் வருவார்கள். ஆகவே கோடிகளைக் கொட்டும் சூப்பர்ஹீரோ படங்கள் அநேகமாக அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படிதான் எழுதப்படுகின்றன, எடுக்கப்படுகின்றன.

எப்படி அடங்குகின்றன என்பதில்தான் விஷயம். ரத்தத்தை எடுத்துவிடுவார்கள். எதிரிப் படை ரோபோவாக இருக்கும், வேற்றுக்கிரகத்துப் பூச்சியாக இருக்கும், ஆயிரம் பேரைப் பிய்த்தாலும் கணக்கில் வராது. கட்டடம் சரியும், உள்ளே இருந்தவர்கள் யார் என்று தெரியாது. இப்படிச் சுத்தம் செய்த வன்முறை முத்திரைக்கு நல்லது. குழந்தைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ஒருவன் இன்னொருவனை மூன்று மாடிக்கு எறிந்தால் அவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஒரு ஜோக் சொல்வான் என்று நூறு முறை பார்த்த பிள்ளை, தம்பியைக் கட்டிலிலிருந்து தள்ளிவிடுவதில் ஆச்சரியம் என்ன? 1990களில் ‘சக்திமான்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு கையை உயர்த்திச் சுற்றாத பையன் அன்றைக்குத் தெருவில் இல்லை. நான் சுற்றியதில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை ஒன்று போனது. அதோடு போயிற்றே என்று இருந்துவிட்டார்கள்.

ரத்தமில்லாத வன்முறை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 2008இல் வந்த ‘த டார்க் நைட்’ போதும். வில்லன் ஜோக்கர் ஒரு பென்சிலை மேஜையில் குத்தி நிறுத்துகிறான், “இதை மறைய வைக்கிறேன் பார்” என்கிறான். அடுத்த நொடி எதிரே வந்தவன் தலை மேஜையில் மோதுகிறது, பென்சில் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, காயம் கிடையாது, எல்லாம் ஒரு விநாடி. அமெரிக்காவில் பிஜி-13, பிரிட்டனில் 12ஏ. அந்த வருடம் பிரிட்டன் தணிக்கைக் குழுவுக்கு இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் 350க்கு மேல் புகார்கள் போயின. அவர்கள் அடுத்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்று தெரியாது, ஆனால் 2022இல் வந்த ‘த பேட்மேன்’ அமெரிக்காவில் பிஜி-13 ஆக இருந்தபோது பிரிட்டனில் 15 வாங்கியது. ஒரே படம்தான், கடல் தாண்டினால் இரண்டு வயது கூடிவிடுகிறது. முத்திரை என்பது ஏதோ தெர்மாமீட்டரில் பார்த்துச் சொல்கிற அளவு இல்லை, சில மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கிற முடிவு.

சரி, குழந்தை உண்மையில் எதற்குப் பயப்படுகிறது?

இதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது, அதிர்ஷ்டவசமாக அதுவும் ஒரு சூப்பர்ஹீரோவை வைத்துத்தான். அமெரிக்க ஆய்வாளர்களான கிளென் ஸ்பார்க்ஸ், ஜோன் கேன்டர் இருவரும் 1980களில் ‘த இன்கிரெடிபிள் ஹல்க்’ டிவி தொடரைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஹல்க் நல்லவர். சாதுவான டாக்டர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை அரக்கனாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவார். ஒன்பதிலிருந்து பதினோரு வயதுப் பிள்ளைகள் மாற்றத்துக்கு முன்னால், டாக்டர் ஆபத்தில் சிக்கியபோது பயந்தார்கள். ஹல்க் வந்ததும் நிம்மதி, ‘அப்பாடா வந்துட்டான்’. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நேர்மாறு. ஆபத்தெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. டாக்டரின் முகம் மாறி, சட்டை கிழிந்து, பச்சை உடம்பு வந்த அந்த இடத்தில்தான் அதிகப் பயம். காப்பாற்ற வந்தவரைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் படம் பார்க்கிற விதமே மாறிவிட்டது. ஐந்து வயதுக்குக் கண்ணில் படுவதுதான் உண்மை. கோரமான முகம், திடீர்ச் சத்தம், உருமாற்றம். “அவர் நல்லவர்டா கண்ணா” என்று காதில் சொல்வதால் பிரயோசனம் இல்லை. பத்து வயதுக்கு உருவம் பெரிய விஷயமில்லை, ‘இது நிஜத்தில் நடக்குமோ’ என்பதுதான் விஷயம். அரக்கனைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவள், ஆள் கடத்தலையும் வீட்டுக்குள் நுழைகிற கொலைகாரனையும் பார்த்தால் ராத்திரி ஜன்னல் கொக்கியைச் சரிபார்க்கிறாள். ஆகவே ‘குழந்தைகளுக்கு ஏற்றதா’ என்ற கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு குழந்தைகளுக்கு ஒரே படத்தில் வேறு வேறு காட்சி பயமாக இருக்கும்.

இந்த வகைப் படங்களுக்கே உரிய ஒரு பயம் இருக்கிறது. யாரும் அதைப் பற்றி எச்சரிப்பதில்லை. சூப்பர்ஹீரோ என்றாலே அநாதைப் பிள்ளை. பேட்மேனின் அப்பா அம்மாவைச் சந்தில் அவன் கண்ணெதிரே சுடுகிறார்கள். சூப்பர்மேனின் பெற்றோர் கிரகத்தோடு போய்விடுகிறார்கள். ஸ்பைடர்மேனை வளர்த்த பெரியப்பா சாகிறார். நமக்கு அது கதையின் முதல் ரீல், ‘சரி சரி, எப்போ பறப்பான்’ என்று காத்திருப்போம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய பயம் அதுதான்: அம்மா காணாமல் போவது. அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தாலோ, அப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தாலோ, அந்த முதல் ரீலைத்தான் முக்கியமாக யோசிக்க வேண்டும். இதற்கு எந்த நாட்டிலும் முத்திரை கிடையாது.

அதே மாதிரிதான் முடிவும். 2018 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ வந்தது. படத்தின் முதல் பத்து நிமிடத்தில் வில்லன் தானோஸ் ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான், இரண்டரை மணி நேரம் அடிதடி. ஆனால் பிள்ளைகளை உலுக்கியது அது எதுவுமில்லை. கடைசியில் அவன் விரலால் ஒரு சொடுக்கு, எந்தச் சத்தமும் இல்லாமல் ஆட்கள் சாம்பலாக உதிர்கிறார்கள். ஸ்பைடர்மேன் வளர்ந்தவன்கூட இல்லை, பள்ளிக்கூடப் பையன். தனக்கு என்னவோ செய்கிறது என்று சொல்லி, போக மாட்டேன் என்று பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உதிர்ந்துபோகிறான். பிறகு விளக்கு போட்டுவிட்டார்கள். அடுத்த பாகம் வர ஒரு வருடம். ‘அடுத்த படத்துல வந்துடுவான்’ என்பது காண்ட்ராக்ட் போடுகிற விதம் தெரிந்த பெரியவர்களின் தைரியம். ஏழு வயதுக்கு ஒரு வருடம் என்பது வாழ்க்கையில் ஏழில் ஒரு பங்கு. அடி எத்தனை விழுந்தது என்று எண்ணுவதைவிட, விளக்கு போடும்போது குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அடியை எண்ணியவர்களும் இருக்கிறார்கள். 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் மாநாட்டில் ஒரு ஆய்வு வாசித்தார்கள். 2015, 2016இல் வந்த 10 சூப்பர்ஹீரோ படங்களை எடுத்து வன்முறைச் செயல்களைக் கணக்குப் போட்டார்கள். மணிக்குச் சராசரியாக வில்லன் தரப்பு 18, நாயகன் தரப்பு 23. நல்லவன்தான் அதிகம் அடிக்கிறான்! யோசித்தால் இது இயல்புதான், கதை அவனைச் சுற்றி நடக்கிறது, கேமராவும் அவன் பின்னால்தான் ஓடுகிறது. ஆனால் பையன் யாராக நடிக்கிறான்? வில்லனாக இல்லை.

2017இல் சாரா காய்ன் என்ற ஆய்வாளரின் குழு பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய 240 குழந்தைகளைப் பார்த்தது. சூப்பர்ஹீரோக்களில் அதிகம் ஊறிய பிள்ளைகளிடம் ஒரு வருடம் கழித்து முரட்டுத்தனம் கூடியிருந்தது. ‘நல்லவனைப் பார்த்து நல்லது கற்பான், அடிவாங்கும் பிள்ளைக்குத் துணை நிற்பான்’ என்ற நம்முடைய நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் உதையைப் பார்க்கிறார்கள், அது எதற்காக விழுந்தது என்பது கதையின் வேறு எங்கோ இருக்கிறது, அதை இழுத்துவந்து உதையோடு சேர்க்கிற வயது இன்னும் வரவில்லை. இந்த ஆய்வை வைத்துப் படம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, முரட்டுச் சுபாவம் உள்ளவர்கள் இந்தப் படங்களைத் தேடிப் போயிருக்கலாம். அதே 2017இல் வந்த இன்னொரு ஆய்வு மறுபக்கம். நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பான ஒரு வேலை, பக்கத்திலேயே விளையாட ஐபேட். பேட்மேனாகத் தன்னை நினைத்துக்கொண்டு “பேட்மேன் கடுமையா உழைக்கிறாரா?” என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்ட பிள்ளைகள், மற்றவர்களைவிட அதிக நேரம் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். முகமூடி கெட்டதில்லை. சின்னவன் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது அக்கா இதை முயன்று பார்த்தாள். முதல் நாள் வேலை செய்தது. இரண்டாம் நாள் ‘சூப்பர்மேனுக்கு இன்னிக்கு லீவு’ என்றுவிட்டான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘சூப்பர்மேன்’ படத்துக்கே திரும்பினால், அது இந்த வகையில் இளகிய மனசுள்ள படம். நகரத்தில் பெரிய மிருகம் ஒன்று புகுந்து மிதிக்கிறபோது அதன் காலடியிலிருந்து ஒரு அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான் நாயகன். அடிபடுகிறான், வலிக்கிறது, தோற்கிறான், அழுத குரலில் பேசுகிறான். கிரிப்டோ என்ற நாய் இருக்கிறது, சொன்ன பேச்சு கேட்காத பறக்கும் நாய். எந்தக் குழந்தைக்கும் பாதி டிக்கெட் அதற்கே செரித்துவிடும். இப்படி ஒரு படத்தின் நடுவில் அந்த ரிவால்வர் காட்சி. படம் முழுக்க முரடாக இருந்தால் பெற்றோர் உஷாராக இருப்பார்கள். நாயைக் காட்டிச் சிரிக்க வைத்து உட்கார வைத்தபின் வருவதால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. பதினோரு வயதுக்கு அது தாங்கும், ‘அவன் ஏன் அப்படிப் பண்ணினான்’ என்று பேசவும் ஒரு வாசல். ஆறு வயதுக்கு ‘சூப்பர்மேன் பக்கத்துலயே இருந்தாலும் காப்பாத்த முடியாது’ என்ற செய்தி மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

தியேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமா அரங்கின் ஒலி 85 டெசிபெல்லை அடிப்படையாக வைத்து அமைக்கப்படுகிறது, உச்சத்தில் ஒரு ஸ்பீக்கரிலிருந்தே 105 வரை போக இடம் உண்டு. நம் ஊரில் சில அரங்குகள் இதையும் சாதுவாக்கிவிடும். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்துவதைப் பாதிப் பேர் பயம் என்று நினைக்கிறார்கள், பல நேரம் அது வெறும் காது வலி. ஓரத்து இருக்கை எடுங்கள், எழுந்து போக வசதி. இடைவேளை நமக்குக் கிடைத்த வரம். ஹாலிவுட்காரர்கள் இடைவேளை வைத்து எழுதுவதில்லை, நம் அரங்குகள் தாமாக ஒரு இடத்தில் நிறுத்துகின்றன. சமோசா வாங்கும் வரிசையில் பிள்ளையிடம் “பயமா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். “இதுவரைக்கும் எது பிடிச்சுது?” என்று கேட்டால் முகமே சொல்லிவிடும். பாதியில் கிளம்பி வருவது காசுக்கு நஷ்டம்தான், வேறு எதற்கும் இல்லை.

வீட்டு டிவியில் கதை வேறு. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகள் 7+, 13+, 16+ என்று அதே மாதிரி வகை வைத்து, 13+க்கும் அதற்கு மேலும் பெற்றோர் பூட்டும் தரச் சொல்கின்றன. பூட்டு இருக்கிறது, போடுகிறவர்கள்தான் குறைவு. இங்கே எனக்கு அதிகக் கவலை கார்ட்டூன்தான். ‘இன்வின்சிபிள்’ என்று ஒரு அனிமேஷன் தொடர் உண்டு. பளிச்சென்ற நிறம், பறக்கும் அப்பா, மீசை, சிவப்புக் கேப். முதல் எபிசோடின் கடைசி சில நிமிடம்வரை சுட்டிப் பிள்ளைகளுக்கான தொடர் மாதிரியே இருக்கும். அதற்கப்புறம் அந்த அப்பா தன் கூட்டாளிகளை ஒருவர் விடாமல் கொல்வதை எலும்பும் சதையுமாகக் காட்டுவார்கள். அது முழுக்கப் பெரியவர்களுக்கான தொடர். ‘கார்ட்டூன்தானே’ என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனவர்களின் கதை எனக்கே இரண்டு தெரியும். ‘ஜோக்கர்’, ‘டெட்பூல்’ எல்லாம் இதே பொறிதான், பொம்மைக் கடையில் முகம் தெரிந்தவர்கள், படம் ஏ.

அக்கா வீட்டில் என்ன ஆனது என்றால், பெரியவள் மட்டும் தியேட்டருக்குப் போய்வந்தாள். சின்னவனுக்குப் பாட்டியோடு அப்பளப்பூவும் கேரம் போர்டும். சில மாதம் கழித்துப் படம் வீட்டு டிவிக்கு வந்தபோது அக்கா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குறிப்பிட்ட இடத்தில் லாவகமாக ஓட்டிவிட்டாள், நாய்க்கு அவன் கைதட்டினான், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கேட்டான், “அந்த வடை விக்கிற அங்கிள் எங்க போனாரு?”

“ஊருக்குப் போயிட்டாருடா.”

பெரியவள் அன்றைக்கு ராத்திரியே போர்வைக்குள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாய்க்கு ஒண்ணும் ஆகலைல்ல?” என்றானாம்.